கேம் விமர்சனம், எழுதுகிறவரின் சுதந்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ கேம் பற்றி எழுதுவதற்கு "ஆசிரியர் சுதந்திரம்" போன்ற கனமான பேச்சு எதற்கு? பொழுதுபோக்குச் சமாசாரம்தானே?

பொழுதுபோக்குதான். ஆனால் அதற்கு வாங்குகிறவர் கொடுக்கும் விலை சின்னதில்லை. பெரிய கேம் ஒன்று வெளிநாட்டில் அறுபது, எழுபது டாலர். திரும்பக் கொடுத்துப் பணம் வாங்குவதும் லேசில் நடக்காது. வாங்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் விளையாடிப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், அப்படிச் சொல்கிறவருக்குச் சம்பளம் வரும் வழியில். வாரப் பத்திரிகையில் சினிமா விமர்சனத்துக்குப் பக்கத்தில் புடவைக்கடை விளம்பரம் வரும், சமையல் எண்ணெய் விளம்பரம் வரும். ஒரு தயாரிப்பாளர் கோபித்துக்கொண்டால் பத்திரிகை மூழ்கிவிடாது. கேம் பத்திரிகைகளும் தளங்களும் பல வருடம் கேம் கம்பெனிகளின் விளம்பரத்தை வைத்தே ஓடின. யாருடைய பொருளை எடை போடுகிறோமோ அவரே படியளக்கிறவர். போதாததற்கு, முன்கூட்டியே விளையாட ரிவ்யூ காப்பி கொடுப்பவரும் அவரே. பேட்டி கொடுப்பவரும் அவரே.

எல்லோரும் சொல்லும் அந்த கெர்ஸ்ட்மன் விவகாரம் என்ன?

ஜெஃப் கெர்ஸ்ட்மன் 1996 முதல் கேம்ஸ்பாட் தளத்தில் எழுதியவர், அதன் ஆசிரியர் குழுவில் மேல் பொறுப்புக்கு வந்தவர். 2007 நவம்பரில் 'கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்' என்ற துப்பாக்கிச் சண்டை கேமுக்கு 10க்கு 6 கொடுத்தார். அந்தச் சமயத்தில் கேம்ஸ்பாட்டின் முகப்புப் பக்கம் முழுக்க அதே கேமின் விளம்பரம் போர்த்தியிருந்தது. விளம்பரம் கொடுத்தது அதை வெளியிட்ட ஐடோஸ் நிறுவனம். அந்த மாதம் முடிவதற்குள் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வீடியோ விமர்சனமும் தளத்திலிருந்து காணாமல் போனது.

கேம்ஸ்பாட்டை அப்போது வைத்திருந்த சிநெட் நிறுவனம், விளம்பர அழுத்தம் எதுவும் காரணமில்லை என்று மறுத்தது. கெர்ஸ்ட்மனால் பதில் பேச முடியவில்லை. சட்டப்படி வாயைத் திறக்கக் கூடாத நிலை. வாசகர்கள் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்த்தார்கள். அடுத்த சில மாதங்களில் அவருடைய சகாக்கள் பலர் தாங்களாகவே வெளியேறினார்கள். 2008இல் கெர்ஸ்ட்மனும் அவருடைய கேம்ஸ்பாட் சகா ரையன் டேவிஸும் சேர்ந்து ஜயன்ட் பாம் என்ற தளத்தைத் தொடங்கினார்கள்.

முழுக்கதை வெளியே வந்தது 2012 மார்ச்சில், அதுவும் வேடிக்கையான வழியில். இதற்குள் சிநெட்டை வாங்கியிருந்த சிபிஎஸ், ஜயன்ட் பாமையும் வாங்கியது. துரத்தப்பட்ட மனிதர் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தது போல ஆயிற்று. வாய்ப்பூட்டு கழன்றது. கேம்ஸ்பாட்டின் வீடியோவிலேயே உட்கார்ந்து அவர் விஷயத்தைச் சொன்னார்: பத்திரிகை வேலைக்குப் புதியவர்களான நிர்வாகிகள் பொறுப்புக்கு வந்திருந்தார்கள், விளம்பரத்தை நிறுத்திவிடுவோம் என்று வெளியிலிருந்து மிரட்டல் வந்தபோது அதை எப்படிச் சமாளிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வேறு சில மதிப்பெண்களுக்காகவும் அதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று. மிரட்டல் அந்தத் தொழிலில் புதிதே இல்லை. முன்பு இருந்த மேலாளர்கள் அதைக் கேட்டுவிட்டு, விமர்சகர் காதுக்கே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். நடுவே நின்ற அந்த ஆள் மாறியதும்தான் எல்லாம் உடைந்தது. எழுதுகிறவர் எவ்வளவு துணிச்சல்காரர் என்பதைவிட, அவருக்கும் விளம்பரப் பிரிவுக்கும் நடுவே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டுதான் மதிப்பெண் போடுகிறார்களா?

இல்லை. இணையத்தில் தினமும் யாராவது இப்படிச் சொல்வார்கள், பெரும்பாலும் தனக்குப் பிடித்த கேமுக்கு 7 போட்டுவிட்டார்கள் என்ற கடுப்பில். உறையில் பணம் கைமாறுவது மலிவான கற்பனை. யாருக்கும் காசு கொடுக்காமலேயே ஒரு விமர்சனத்தை மழுங்கடிக்க இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

என்ன வழிகள்?

முதல் வழி, நேரம். 2014 நவம்பரில் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' வெளிவந்தது. விமர்சனங்களை எப்போது வெளியிடலாம் என்ற கட்டுப்பாடு, அதாவது எம்பார்கோ, கேம் விற்பனைக்கு வந்து 12 மணி நேரம் கழித்தே நீங்கியது. முகத்தின் தோல் காணாமல் போய்க் கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் தொங்கும் அந்தப் பிரபலமான கோளாறுப் படங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களே முதலில் பார்த்தார்கள். 2016 அக்டோபரில் பெதஸ்டா நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது: ரிவ்யூ காப்பியை வெளியீட்டுக்கு முந்தைய நாள்தான் அனுப்புவோம். நூறு மணி நேரம் விளையாடக்கூடிய கேமை ஒரே நாளில் என்ன எழுதுவது?

இரண்டாவது, எதைப் பார்க்கலாம், எதைக் காட்டலாம் என்ற கட்டுப்பாடு. 'சைபர்பங்க் 2077' இதற்குப் பாடப்புத்தகம். 2020 டிசம்பரில் முன்கூட்டி விமர்சனம் எழுதியவர்களுக்கு பிசி காப்பி மட்டுமே கொடுக்கப்பட்டது. தாங்கள் விளையாடியதைப் பதிவு செய்து காட்டக் கூடாது, நிறுவனம் கொடுத்த காட்சிகளை மட்டும் பயன்படுத்தலாம் என்றும் நிபந்தனை. நல்ல பிசியில் விளையாடியவர்கள் உண்மையாகவே பாராட்டினார்கள்; அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. டிசம்பர் 10 அன்று பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் பார்த்தது வேறொரு கேம். ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்ப வைக்க 2021 ஜூன் ஆனது. ஒவ்வொரு விமர்சனமும் நேர்மையாக இருந்தும் வாசகர் ஏமாந்தார். என் பார்வையில், இந்தத் துறையில் நடந்தவற்றில் கெர்ஸ்ட்மன் விவகாரத்தைவிட இதுதான் கவலைக்குரியது. அங்கே குற்றம் செய்தவரைக் கை காட்ட முடிந்தது.

சரி, மூன்றாவதாக, எதைச் சொல்லலாம் என்பதற்கான நிபந்தனை. 2008இல் 'மெட்டல் கியர் சாலிட் 4' காப்பியோடு, கதைக் காட்சிகள் எவ்வளவு நேரம் நீள்கின்றன என்பதையும், ஹார்டு டிஸ்க்கில் எவ்வளவு இடம் எடுக்கிறது என்பதையும் எழுதக் கூடாது என்று கேட்டார்கள். கதையின் திருப்பத்தை மறைக்கச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்விகளையே மறைக்கச் சொல்வது ஸ்பாய்லர் கணக்கில் வராது. எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி பத்திரிகை அந்த நிபந்தனையோடு முழு விமர்சனம் போட மறுத்து, அதற்குப் பதில் ஒரு கலந்துரையாடலை அச்சிட்டது.

அப்புறம் 2015இல் அதே வரிசையின் ஐந்தாம் கேமுக்கு விமர்சகர்களை ஒரே இடத்துக்கு வரவழைத்து, சில நாட்கள், குறித்த நேரத்தில் மட்டும் விளையாட வைத்தார்கள். விரிந்த திறந்தவெளியில் மெதுவாக உலவ வேண்டிய கேம் அது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உலவுகிறவர் கண்ணில் என்ன படும்?

கறுப்புப் பட்டியல் என்பதெல்லாம் நிஜமா?

நிஜம். வழக்கமாக யாரும் அறிவிப்பதில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் வருவது நின்றுவிடும், அவ்வளவுதான்.

2008 தொடக்கத்தில் எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லியின் ஆசிரியர் டான் ஷூ, தங்கள் பத்திரிகைக்கு யாரெல்லாம் கதவைச் சாத்தியிருக்கிறார்கள் என்று தலையங்கத்திலேயே பெயர் சொல்லி எழுதினார்: யூபிசாஃப்ட், சோனியின் ஸ்போர்ட்ஸ் கேம் பிரிவு, 'மோர்ட்டல் காம்பேட்' கேமை உருவாக்கும் குழு. 2015 நவம்பரில் கொட்டாகு தளத்தின் ஆசிரியர் ஸ்டீஃபன் டொட்டிலோ, பெதஸ்டாவும் யூபிசாஃப்டும் தங்களை ஒதுக்கிவைத்திருப்பதை வெளியில் சொன்னார். காரணம் மோசமான விமர்சனம்கூட இல்லை. 'ஃபால்அவுட் 4', அடுத்த 'அசாசின்ஸ் கிரீட்' ஆகியவை தயாராவதை அறிவிப்புக்கு முன்பே செய்தியாக்கிவிட்டார்கள். செய்தி உண்மை என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

2007இல் சோனியும் ஒருமுறை இதே கொட்டாகுவிடம் முயன்றது, பிளேஸ்டேஷன் ஹோம் என்ற அதன் ஆன்லைன் சேவை பற்றி அவர்கள் எழுதிய ஒரு செய்திக்காக. தளம் அந்தக் கடிதப் போக்குவரத்தை அப்படியே வெளியிட, சீக்கிரமே சமாதானம் ஆனது. மறைவில் நடப்பதைப் பொதுவில் போட்டுவிட்டால் இந்த ஆயுதத்தின் பலம் பாதியாகிவிடுகிறது. ஆனால் அதற்குப் பெரிய வாசகர் கூட்டம் வேண்டும். சின்னத் தளம் ஒன்று கத்தினால் யார் கேட்பார்கள்?

எம்பார்கோவில் கையெழுத்துப் போடுவதே தப்பா?

இல்லை. தேதிக் கட்டுப்பாடு இல்லையென்றால், பாதி விளையாடிவிட்டு முதலில் வெளியிடுகிறவர் ஜெயிப்பார். நிதானமாக முடித்து எழுதுகிறவர் தோற்பார். தேதியை ஏற்றுக்கொள்ளலாம். கருத்தின் மேல் வரும் நிபந்தனையை ஏற்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருப்பவற்றை ஏற்றுக்கொண்டால், என்ன ஒப்புக்கொண்டோம் என்பதை விமர்சனத்தின் மேலேயே எழுதிவிட வேண்டும்.

எல்லா மதிப்பெண்ணும் ஏன் 7க்கும் 9க்கும் நடுவே வருகிறது?

பத்துக்கு ஐந்து என்பது நியாயமாக "சுமார்" என்று அர்த்தப்பட வேண்டும். கேம் உலகில் அது திட்டு. பிரிட்டனில் 1991 முதல் 1996 வரை வந்த அமிகா பவர் பத்திரிகை, சதவீத அளவின் முழு நீளத்தையும் பயன்படுத்தும், நடுத்தரமான கேமுக்கு 50தான் என்று பிடிவாதமாக நின்றது. அதற்காகக் கம்பெனிகளோடு சண்டையும் போட்டது. மற்ற இடங்களில் பள்ளிக்கூட மதிப்பெண் பழக்கம்: எழுபதுக்குக் கீழே போனால் அப்பாவிடம் காட்ட முடியாது.

மெட்டாகிரிட்டிக் தளம் வந்து எல்லா மதிப்பெண்ணையும் சேர்த்து ஒரே எண்ணாக்கியதும் விஷயம் இன்னும் விபரீதமாயிற்று. 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமை உருவாக்கிய அப்சிடியன் குழுவுக்கு, அந்தத் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு. வந்தது 84. அந்த எண்ணுக்குள் தன் பங்கைப் போட்ட எந்த விமர்சகரும் யாருடைய சம்பளத்தையும் மனதில் வைத்து எழுதவில்லை, வைக்கவும் கூடாது. ஆனால் இது தெரிந்த பிறகு 6 போட விரல் கொஞ்சம் தயங்கும்தானே? இப்படிப்பட்ட ஒப்பந்தம் எழுதியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

மதிப்பெண்ணையே தூக்கிப் போட்டவர்களும் உண்டு. யூரோகேமர் 2015இல் விட்டது, 2023இல் ஐந்து நட்சத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. பாலிகான் 2018இல் விட்டது. என்னைக் கேட்டால், மதிப்பெண் இருப்பதோ இல்லாததோ பெரிய விஷயமில்லை. அதற்கு மேலே உள்ள பத்திகளை யாராவது படிக்கிறார்களா என்பதுதான் விஷயம்.

சுதந்திரம் இருந்தால் எழுத்தும் தானாக நன்றாக வந்துவிடுமா?

வராது. ஆனால் எழுத்தின் தரத்தைப் பார்த்தே சுதந்திரம் இருக்கிறதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பயந்து எழுதுகிறவரின் வாக்கியம் எப்படியிருக்கும்? "கிராபிக்ஸ் பிரமாதம். கதை விறுவிறுப்பு. சில தொழில்நுட்பக் குறைகள் இருந்தாலும் ரசிகர்களை ஏமாற்றாது." இதில் பொய் எதுவும் இல்லை. எந்தக் கேமுக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். விளையாட நேரம் இல்லாதவர் எழுதினாலும் இதே வாக்கியம்தான் வரும், விளம்பரதாரருக்குப் பயந்தவர் எழுதினாலும் இதேதான் வரும். வாசகரால் இந்த இரண்டு பேரையும் பிரித்தறிய முடியாது.

இன்னொரு விதம்: வெளிவந்த புதிதில் சைபர்பங்க்கில், ஆளில்லாத மொட்டைமாடியில் நின்று குற்றம் செய்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் போலீஸ் முளைத்துவிடும். துரத்திக்கொண்டு வண்டியில் வர மாட்டார்கள், முளைப்பார்கள். "உயிரோட்டமான நகரம்" என்று விளம்பரம் செய்யப்பட்ட இடத்தில் இது நடக்கிறது என்று எழுதினால், அதற்குப் பிறகு "குறைகள் உண்டு" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இப்படி எழுத இரண்டு வேண்டும்: அந்த மொட்டைமாடிக்குப் போய்ப் பார்க்க நேரம், பார்த்ததை எழுத அனுமதி. ஆசிரியர் சுதந்திரம் என்று பெரிய வார்த்தையில் சொல்வது நடைமுறையில் இந்த இரண்டும்தான்.

பாராட்டுக்கும் இதே கணக்கு. திட்டினால்தான் சுதந்திரமானவர் என்று ஒரு நினைப்பு சுற்றுகிறது. எல்லாவற்றையும் நக்கலடித்தால் கைத்தட்டல் சுலபமாகக் கிடைக்கும். அதுவும் ஒரு அடிமைத்தனம்தான், எஜமானர் மட்டும் வேறு.

2004இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் கீரன் கில்லன், கேமைப் பொருளாக எடை போடுவதை விட்டு, விளையாடுகிறவருக்கு உள்ளே என்ன நேர்ந்தது என்பதைப் பயணக்கட்டுரை போல எழுத வேண்டும் என்று வாதாடினார். நல்ல வாதம். அதன் பேரில் பிறகு வந்தவற்றில் பாதி, கேமே இல்லாத சுயசரிதை என்பது வேறு விஷயம்.

விமர்சனத்துக்கு வெளியே? புலனாய்வுச் செய்தி எழுதுகிறவர்களுக்கு எப்படி?

அங்கே நெருக்கடி வேறு மாதிரி. காப்பி கிடைக்குமா என்ற கவலை குறைவு, பேசியவர்களைக் காப்பாற்றும் கவலை அதிகம். ஜேசன் ஷ்ரையர் கொட்டாகுவில் இருந்தபோது 2018 அக்டோபரில் ராக்ஸ்டார் நிறுவனத்தின் வேலைநேரம் பற்றி எழுதினார். வாரம் 100 மணி நேரம் உழைத்தோம் என்று அதன் தலைவர்களில் ஒருவர் பேட்டியில் பெருமையாகச் சொல்லிச் சூடு கிளம்பியிருந்த சமயம். அந்தக் கட்டுரைக்காக அங்கே வேலை பார்ப்பவர்கள், முன்பு பார்த்தவர்கள் என 70க்கு மேற்பட்டவர்களைக் கேட்டிருந்தார். 2019 ஏப்ரலில் பயோவேரின் 'ஆந்தம்' எப்படிச் சொதப்பியது என்று எழுதியபோது பேசியவர்கள் 19 பேர். கட்டுரை வந்த சில நிமிடங்களிலேயே நிறுவனம் மறுப்பு அறிக்கை போட்டது. அவ்வளவு நீளக் கட்டுரையை அந்தச் சில நிமிடத்தில் படித்திருக்க முடியாது!

இத்தகைய எழுத்துக்குத் தேவை பொறுமையான சம்பளம். மாதக்கணக்கில் ஒரு கட்டுரைக்கு அலைகிறவரை, "இன்று எத்தனை பதிவு போட்டாய்" என்று கேட்கும் அலுவலகத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

விமர்சகருக்கும் கேமை உருவாக்கும் டெவலப்பருக்கும் நட்பு இருக்கலாமா?

இருக்கும். அதே துறை, அதே விழாக்கள். நட்பு இருந்தால் அந்தக் கேமை வேறொருவர் எழுதட்டும்; முடியாவிட்டால் சொல்லிவிட்டு எழுதட்டும். 2014இல் இதே கேள்வியைக் கேடயமாக வைத்துக்கொண்டு "கேமர்கேட்" என்ற பெயரில் பெண் டெவலப்பர்களையும் எழுத்தாளர்களையும் கூட்டமாகத் துன்புறுத்தினார்கள். நெறிமுறை என்ற சொல் அங்கே முகமூடி. மிரட்டப்படுகிறவரும் சுதந்திரமாக எழுத முடியாது. மிரட்டுவது கம்பெனியாக இல்லாமல் வாசகர் கூட்டமாக இருந்தால் மட்டும் அது கணக்கில் வராதா என்ன?

யூடியூபர்கள் இந்த வம்பிலிருந்து தப்பித்தவர்களா?

தப்பிக்கவில்லை, இன்னும் நேரடியாக மாட்டினார்கள். 2014இல் 'ஷேடோ ஆஃப் மோர்டார்' கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் பிரபல யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்தது. நல்லபடியாகப் பேச வேண்டும், கோளாறுகளைக் காட்டக் கூடாது என்று ஒப்பந்தம். பணம் வாங்கிய விவரமோ, வீடியோவுக்குக் கீழே அழுத்தினால் மட்டும் விரியும் குறிப்பில். அமெரிக்க வர்த்தக ஆணையம் தலையிட்டு 2016இல் சமரசம் ஆனது.

2024 மே மாதம் 'மார்வெல் ரைவல்ஸ்' சோதனைப் பதிப்பைக் கொடுக்கும்போது, கேமை மட்டம் தட்டிப் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. வெளியே தெரிந்ததும் கேமை உருவாக்கிய நெட்ஈஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், சீனப் புராணத்தின் குரங்கு ராஜாவை வைத்து வந்த 'பிளாக் மித்: வூகாங்' காப்பி வாங்கிய சிலருக்கு வந்த பட்டியலில் அரசியல், பெண்ணியப் பிரச்சாரம், கோவிட் பற்றியெல்லாம் பேசாதீர்கள் என்று இருந்தது. குரங்கு ராஜா கேமுக்கும் கோவிட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அதுவரை யோசிக்காதவர்களும் யோசித்தார்கள்.

இப்போது நிலைமை எப்படி?

விளம்பரதாரரைவிட இப்போது உரிமையாளரைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. 1991இல் தொடங்கிய கேம் இன்ஃபார்மர் பத்திரிகையை அதன் உரிமையாளரான கேம்ஸ்டாப் 2024 ஆகஸ்டில் திடீரென்று மூடியது. தளத்தில் இருந்த பழைய கட்டுரைகளும் கூடவே மறைந்தன. 2025 மார்ச்சில் வேறொரு நிறுவனம் வாங்கி, பழைய குழுவோடு உயிர்ப்பித்தது. வாங்கியது கன்சில்லா, ஒரு கேம் தயாரிப்பு நிறுவனம். பத்திரிகை தனித்து இயங்கும் என்று வாக்குறுதி. நல்ல செய்திதான், ஆனால் முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன முடிச்சு இங்கே இன்னும் இறுகியிருக்கிறது. 2025 மே மாதம் பாலிகானை வாக்ஸ் மீடியா விற்றது; பலருக்கு வேலை போனது.

அதே மே மாதம்தான் ஜயன்ட் பாம், உரிமையாளரான ஃபேன்டம் நிறுவனத்தோடு உள்ளடக்கம் பற்றி மோதி, கடைசியில் அங்கேயே வேலை பார்த்த ஜெஃப் பாக்கலார், ஜெஃப் கிரப் இருவரின் கைக்கு வந்தது. கெர்ஸ்ட்மன் 2022இலேயே அங்கிருந்து விலகி, சந்தா கட்டும் ரசிகர்களை நம்பித் தனியாக நடத்துகிறார். கொட்டாகுவிலிருந்து வந்தவர்கள் 2023இல் ஆஃப்டர்மாத் தளத்தையும், எஸ்கேப்பிஸ்ட் தளத்திலிருந்து ஒட்டுமொத்தமாக வெளியேறியவர்கள் அதே ஆண்டு செகண்ட் விண்ட் குழுவையும் தொடங்கினார்கள். எல்லாமே வாசகர் பணத்தில்.

வாசகர் பணம் என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சந்தாதாரருக்குப் பிடித்த கேமைத் திட்டினால் சந்தா குறையும். ஆனால் ஆயிரம் பேரில் பத்துப் பேர் கோபித்துப் போவதும், ஒரே விளம்பரதாரர் மொத்தமாகப் போவதும் ஒன்றில்லை.

நான் தமிழில் கேம் விமர்சனம் எழுதவோ வீடியோ போடவோ தொடங்குகிறேன். எங்கிருந்து ஆரம்பிக்க?

சொந்தக் காசில் வாங்கிய கேமிலிருந்து. பழைய கேமாக இருந்தாலும் பரவாயில்லை; முதல் நாளே எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரு மாதம் கழித்து, அப்டேட்டுகள் வந்த பிறகு எழுதும் விமர்சனம் இங்கே பலருக்கு அதிகம் உதவும், ஏனென்றால் பெரும்பாலோர் விலை குறையும் வரை காத்திருந்துதான் வாங்குகிறார்கள்.

எந்த மெஷினில் விளையாடினீர்கள், எத்தனை மணி நேரம், முடித்தீர்களா, காப்பி எப்படிக் கிடைத்தது: இந்த நான்கையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பான்சர் பணம் வந்தால் அதைச் சொல்வது இந்தியாவில் நல்ல பழக்கம் மட்டும் இல்லை. விளம்பரத் தர கவுன்சிலான ஏஎஸ்சிஐ 2021இலும், ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு விதிமுறை வெளியிட்டிருக்கின்றன. அறிவிப்பு தெளிவாகக் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும், ஹேஷ்டேக் குவியலுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது.

ஒரு பிராண்ட் மேலாளர் கூப்பிட்டு, "போடுவதற்கு முன்னால் ஒருமுறை எங்களுக்கு அனுப்புங்க, சும்மா பார்த்துட்டுத் தர்றோம்" என்று சொன்னால், தகவல் பிழை இருந்தால் வெளியான பிறகு சொல்லுங்கள், அன்றே திருத்திவிடுகிறேன் என்று மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அடுத்த காப்பி வராமல் போகலாம். அந்தக் கேம் விற்பனைக்கு வரும், வாங்கிக்கொள்ளலாம்.